ஸ்டெல்லா அக்கா காலாவதி ஆகவிடாத கார்டு

திருவானைக்கோவிலில் சவாரிக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "அக்கா போயிட்டாங்கங்க. தூக்கத்துலயே." காலை வெயில்கூட இன்னும் சரியாக ஏறவில்லை. பஸ்கள் சத்தமில்லாமல் ஓடுவது போலிருந்தது. ஆட்டோவை எப்படி ஸ்ரீரங்கத்துக்கு ஓட்டிப் போனேன் என்று நினைவில்லை.

அவரோடு ஆம்புலன்ஸில் ஓடியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. ஏழு வருடம் நான் ஸ்டியரிங்கில், அவர் பின்னால் நோயாளியோடு. முசிறி ரோட்டில் பனி மூடிக் கிடக்கும். வாழைத்தோப்பும் தெரியாது, ஆறும் தெரியாது. "தம்பி, நீங்க ரோட்டைப் பாருங்க. இவரை நான் பாத்துக்கறேன்" என்பார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் பின்சீட்டில் அவர் இருப்பதாகவே தோன்றுகிறது.

கணவர் அந்தோணி சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது அக்கா வேலையை விட்டார். உயிர்காப்புப் பயிற்சி கார்டை மட்டும் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை எழுதி, பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களே தட்டிக்கழிக்கிற விஷயம் அது. நானும் ஆம்புலன்ஸை விட்டு ஆட்டோவுக்கு வந்திருந்தேன்; நான்தான் கூட்டிப்போவேன். ஒருமுறை வாய் சும்மா இல்லாமல், "வண்டியே ஏறாத ஆளுக்கு இது எதுக்குக்கா?" என்று கேட்டுவிட்டேன். இறங்கும்போது, "உங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.

போன முறை சாரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், வகுப்பில் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தோம். அக்கா முழங்காலிட்டு அமுக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரு குரல். திரும்பினால், சார்! பக்கவாதத்துக்குப் பிறகு நான் அவர் குரலையே கேட்டதில்லை. கணீரென்று முப்பது வரை எண்ணினார். அக்கா பொம்மைக்கு இரண்டு தடவை மூச்சு ஊதும்வரை காத்திருந்தார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அதட்ட வந்த பயிற்சியாளர் அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும்போது அக்காவே சொன்னார். "வீட்டுல தலையணையை வச்சுப் பழகறப்ப ஒருநாள் தானா எண்ண ஆரம்பிச்சாரு தம்பி. சும்மா எண்ணுங்கன்னா மாட்டாரு. நான் அமுக்கினாத்தான். கார்டை விட்டுட்டா எனக்குச் சோம்பல் வந்துடும், பழக மாட்டேன். அப்புறம் இந்தக் குரலும் போயிடும்." காவிரிப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் வெயிலோடு போய்க்கொண்டிருந்தது. சார் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்பு கேட்ட கேள்விக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

அடக்கம் முடிந்து மூன்று வாரமாகிறது. சாரின் தங்கை வந்து கூட இருக்கிறார். சார் வாயே திறக்கவில்லை. அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவர் தலையணையில் பழகிவந்த காலை ஏழு மணியை. அந்த நேரத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போய், தலையணையைத் தரையில் போட்டு, முழங்கையை மடக்காமல் அமுக்குகிறேன். முறையாகப் படித்தவன் இல்லை, பார்த்துப் பழகியதுதான். சார் என் கைகளையே பார்க்கிறார். இதுவரை எண்ணவில்லை. நேற்று கை ஓய்ந்து நான் வேகத்தைக் குறைத்தபோது, இடது கையை நீட்டி, நான் விட்ட அதே வேகத்தில் என் தோளைத் தட்டினார்.