அப்பா கேட்டு வாங்கிய தண்ணீர்

மே மாதம் பிறந்தாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றிலிருந்து போன் ஓயாது. யார் யாரோ கூப்பிடுவார்கள், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். சாயங்காலமானால் போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்பா தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்தார். வசதியில்லாத பிள்ளைகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டுவது அவருக்குப் பழக்கம். அதற்கு விண்ணப்பப் பாரம் கிடையாது, பைல் கிடையாது. இன்ன வீட்டில் இன்ன பிள்ளை என்று யாராவது சொன்னால் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போவார். திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். அவர் காலமான பிறகு பெங்களூரில் இருக்கும் தம்பி அவர் பேரில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தான். ஆடிட்டர் வந்தார், ரப்பர் ஸ்டாம்பு வந்தது, லெட்டர்பேடு வந்தது, அப்பாவின் மண்டியே ஆபீஸ் ஆனது. ஊரில் இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்பதால் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். நீட்டினால் முட்டி வலிக்கிறது, அது வேறு கதை.

முட்டி வலிக்கு டாக்டர் மாத்திரையோடு ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார். போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், ப்ளோரைடு அதிகம் என்றார். எங்கள் பக்கத்தில் அது புதுச் செய்தியில்லை. பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு ஸ்டீல் பாட்டில் ஏறிக்கொண்டது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற அப்பாவின் பழக்கத்தைத் தம்பி அறக்கட்டளையின் விதியாகவே எழுதிவிட்டான். போகப்போவது நான்தானே, அவனுக்கென்ன! போன வருஷம் அப்படித்தான் நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். நர்ஸிங் சீட் கிடைத்த பெண் ஒருத்தி மனு போட்டிருந்தாள். அந்த ஊரில் எங்கள் சொந்தக்காரர் வீடு ஒன்று உண்டு. அங்கே இறங்கி, ஊர்க்கதை பேசி, இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்கு நடந்தேன்.

ஓட்டு வீடு. வாசல் தெளித்து, எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா கூலி வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். அந்தப் பெண் சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்ததும் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாங்க, என்கிட்ட இருக்கு" என்று சொல்லி, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தேன். அவர் சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். நான் மார்க் ஷீட்டைப் பார்த்தேன். தம்பிக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தேன். பாரத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுப் பாஸ்புக் நகலோடு மண்டிக்குக் கொண்டுவாருங்கள், பணம் கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு வாரமாகியும் யாரும் வரவில்லை. போன் செய்தால் அந்த அம்மாதான் எடுத்தார்.

"நாங்க வேற பாத்துக்கிறோங்க."

"வேற என்னங்க பாத்துக்குவீங்க?"

"ஓசூர் கம்பெனிக்கு வேன் வருதுங்க. புள்ள அதுல போறேங்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாயாய் அலைந்து கொடுக்கப் போனால் இத்தனை பிகுவா, வேண்டாமென்றால் போகட்டும், எனக்கென்ன என்று போனை வைத்தேன். பீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது போனால் சீட் போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

மண்டியில் அப்பாவிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இப்போதும் தினமும் வந்து உட்காருவார். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து எல்லா வீட்டுக்கும் போனவர். அறுபது தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வியாழக்கிழமை காலையில் அவரிடம் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுங்க வூட்ல தண்ணி குடிச்சீங்களா பாப்பா?"

"இல்லீங்க, பாட்டில் வச்சிருந்தேனே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

"அப்பா போனதும் மொதல்ல தண்ணி கேப்பாருங்க. காலனி வூடா இருந்தா கட்டாயம் கேப்பாரு. சொம்பு காலியாவுற வரைக்கும் படிப்புப் பேச்சே எடுக்க மாட்டாரு. நம்ம ஆளுங்க யாரும் அப்பல்லாம் குடிக்க மாட்டாங்கல்ல."

நான் அப்பாவை நன்றாகத் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன். அவர் வீடு தேடிப் போனதைப் பார்த்துவிட்டு அதைத்தான் விதியாக எழுதிவைத்தோம். போய் என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிடவும், இன்னொரு முறை அத்தனை தூரம் போக வேண்டுமே என்ற சலிப்பு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். பாட்டிலை மேஜை மேல் வைத்துவிட்டேன்.

சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து நேரே நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது நாக்கு வறண்டுவிட்டது. அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். வாங்க என்றார். நாற்காலியைப் பெண் கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் மட்டும் வரவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

அம்மா என் பையைப் பார்த்தார்.

"கேன் இல்லீங்களே. அன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு கடையில கேன் வாங்கி வச்சிருந்தோம். இன்னைக்குக் கொழாத் தண்ணிதான் இருக்குது."

அன்று நான் வேண்டாமென்று திருப்பியனுப்பியது காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்.

"அதையே குடுங்க" என்றேன்.

அந்தப் பெண்தான் கொண்டுவந்தாள். உப்புக் கரித்தது. நிறுத்தாமல் குடித்து முடித்தேன். அவள் கீழே உட்கார்ந்து என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீங்கியிருக்குதுங்க மேடம். இந்தத் தண்ணி உங்களுக்கு ஆவாது. எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் இருக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அன்னைக்கு இதனாலதானே குடிக்கல?"

அவள் எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோருக்கும் நல்லது. டாக்டர் சீட்டுகூடப் பையில் இருந்தது. ஆனால் அன்று இங்கே வருவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டில் குடித்த இரண்டு டம்ளர் காபியும் இதே ஊர்த் தண்ணீரில் போட்டதுதான். அங்கே எனக்கு முட்டி ஞாபகமே வரவில்லை.

"இல்லம்மா" என்றேன். "முட்டிக்காக இல்ல."

அம்மா துணி அலசுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் காலிச் சொம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

பிறகு அவள் உள்ளே போய் அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் பேனா கேட்டாள்.