அருள்மலர் லிஃப்ட் ஏறிய கதை

அருள்மலர் பிக்கரிங் என்ற புறநகரில் வீடு வாங்கியதற்கு ஊர் பல காரணம் சொன்னது. மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்றார்கள், எடுப்புக் காட்டத்தான் என்றார்கள். உண்மைக் காரணம் ஒன்றுதான். அந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது.

அதற்கு முன் அவள் குடும்பம் ஸ்காபரோவில் ஒரு பழைய கட்டடத்தின் பதினாறாம் மாடியில் இருந்தது. எதிர்க் கதவில் பரிமளம், மட்டக்களப்புக்காரி. பகலில் இரண்டு கதவும் பூட்டப்படுவதில்லை. அருள்மலரின் மகள் துர்க்கா பாதி நாள் பரிமளத்தின் கையால்தான் சாப்பிட்டாள். சைக்கிள் ஓடப் பழக்கியது பரிமளத்தின் கணவர் மாமாங்கம். "என்னகா, இன்னும் சமையல் முடியல்லியா?" என்று கேட்டபடி பரிமளம் உள்ளே வந்தால், அருள்மலர் அடுப்பை அணைத்துவிட்டுக் கதைக்க உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் கட்டடத்தில் மின்சாரம் போனது. சாமான் பைகளோடு அருள்மலர் லிஃப்டுக்குள் தனியாக அகப்பட்டாள். கும்மிருட்டு. தொண்டை வறளும்வரை கத்தினாள். இங்கேயே சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நம்பினாள். கடைசியில் கதவைத் திறந்தபோது வெளியே பெரிய கூட்டம். முன்னால் பரிமளம். அத்தனை முகத்தையும் கண்டதும் இவள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள்.

"காலாற நிண்டன், வேறொண்டுமில்லை" என்றாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவளால் லிஃப்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, நல்லது என்று சொல்லிக்கொண்டு பதினாறு மாடியும் படியால் ஏறினாள். விஷயம் தெரிந்தது கணவர் ஜெயரட்ணத்துக்கு மட்டும். அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வெளியில மூச்சு விடாதை. தாய்க்கு மனவியாதி எண்டு கதை வந்தால் நாளைக்குத் துர்க்காவுக்கு ஆர் சம்பந்தம் பேச வருவினம்?"

நம்மவர்களுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தால் ஊர் முழுக்கச் சொல்லலாம். மனத்தில் ஒரு பயம் வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

பிக்கரிங்குக்குப் போன பிறகும் சில காலம் மூச்சிரைக்கப் படியேறி வந்து பரிமளத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கால் தேய்ந்தது. அதோடு கீழே லொபியில் நின்று ஃபோன் பண்ணத் தொடங்கினாள். "பார்க்கிங் இல்லையடி, காரை ரோட்டில விட்டிட்டு நிக்கிறன், கெதியா கீழ வா." பரிமளமும் கறிப்பெட்டியோடு இறங்கி வருவாள். போகப்போக, கீழே வருகிற யாரிடமாவது கறியைக் கொடுத்தனுப்பினாள். பிறகு பரிமளம் அவள் ஃபோனுக்குப் பதில் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

மாமாங்கம் இறந்தபோது அருள்மலர் இறுதிச் சடங்கு மண்டபத்துக்குப் போய் வாய்விட்டு அழுதாள். ஆனால் வீட்டில் நடந்த எட்டாம் நாள் காரியத்துக்கு லொபி வரைதான் போக முடிந்தது. லிஃப்ட் திறந்தது, மூடியது, திறந்தது. கொண்டுபோன பழங்களை மேலே போன யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பகைவன்கூடச் செத்த வீட்டுப் படியேறுகிற சனம் நாம். பரிமளம் என்ன நினைத்திருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை.

வளரும்போதே விஷயத்தை ஊகித்திருந்த துர்க்கா, கல்யாணம் முடித்த கையோடு தாயை மார்க்கம் நகரில் ஓர் உளவியலாளரிடம் கூட்டிப்போனாள். நிரோஷினி என்ற இளம் பெண். அவள் அருள்மலரின் கண்களை மறைக்கும்படி ஒரு கனத்த மெய்நிகர் கண்ணாடியை மாட்டினாள். கண்ணாடிக்குள் நிஜம் போலவே ஒரு லிஃப்ட் தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தும் அருள்மலருக்கு வியர்த்து ஊற்றியது.

"இது பொய் லிஃப்ட் எண்டு உங்கட மூளைக்குத் தெரியும், அன்ரி. உடம்புக்குத் தெரியாது. பயம் ஏறும், பிறகு தானா இறங்கும். அதுவரைக்கும் உள்ள நில்லுங்கோ. டேக் யுவர் டைம்."

முதலில் கதவு திறந்தபடி, பிறகு மூடி, பிறகு ஒரு மாடி. பல வாரம் கழித்து நிரோஷினி அந்தப் பொய் லிஃப்டை இடையில் நிறுத்தி விளக்கையும் அணைத்தாள். அருள்மலர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பயம் ஏறியது. சொன்னபடியே இறங்கியது. அதன் பிறகு நிஜ லிஃப்டில் நிரோஷினியோடு, அப்புறம் தனியாக.

தனியாக ஏறிப் பழகியதும் நேரே ஸ்காபரோவுக்குப் போனாள். பதினாறாம் மாடிப் பட்டனை அமத்தினாள். மேலே போய்க் கதவைத் தட்டினாள்.

"வாங்க, இரிங்க" என்றாள் பரிமளம். தேத்தண்ணீர், விருந்தாளிகளுக்கு எடுக்கும் கோப்பையில் சோசரோடு வந்தது.

"பரிமளம், எனக்கு லிஃப்ட் எண்டால் பயமடி. அதுதான் இவ்வளவு காலமும் மேல வரேல்லை. அவரின்ர எட்டாம் நாளுக்கும் கீழ வந்து நிண்டனான்."

"இப்ப எதில வந்தீங்க?"

"லிஃப்டிலதான்."

"ஆரோட?"

"தனிய."

"அப்ப மறுகா என்ன பயம்?"

அருள்மலர் விளக்கினாள். கண்ணாடி, அதற்குள் பொய் லிஃப்ட், கதிரையில் இருந்தபடி மாடி ஏறியது. சொல்லச்சொல்ல அது கட்டுக்கதை போலவே இருந்தது. அவளுக்கே அப்படித்தான் கேட்டது.

"அண்டைக்கு லிஃப்டுக்குள்ள இருந்து சிரிச்சிக்கிட்டு வந்தீங்க. நான் பார்த்துக்கிட்டு நிண்டன்" என்றாள் பரிமளம். குரலில் கோபமே இல்லை. "பார்க்கிங் இல்லண்டு சொல்லுவீங்க. எங்கட பல்கனியில நிண்டா விசிற்றர்ஸ் பார்க்கிங் முழுக்கத் தெரியும். உங்கட கார் அங்கதான் நிக்கும். எங்கட இவருக்கும் காட்டினன். 'அவங்களுக்கு என்ன கஷ்டமோ, விடு' எண்டார்."

அருள்மலர் அழத் தொடங்கினாள். பரிமளம் கண் துடைக்கும் ரிசூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"உண்மையாப் பயம் இரிந்தா, எனக்கிட்டச் சொல்லாம வேற ஆருக்கிட்டச் சொல்லிரிப்பீங்க?"

அருள்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வந்தவரை வழியனுப்புகிற முறைக்கு, பரிமளம் லிஃப்ட் வரை கூட வந்தாள். கதவு திறந்தது. அருள்மலர் உள்ளே போய்த் திரும்பி நின்றாள். பரிமளம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமளம் நம்ப ஒரே ஒரு தடவை கை நடுங்கிவிட்டால் போதும் என்று அருள்மலருக்கு இருந்தது. அவள் கண் முன்னால், இப்போதே.

விரல் நேராகப் போய் பட்டனை அமத்தியது. கதவு மூடியது.