உரிமை இருக்கிறது, படம் இல்லை

போன செவ்வாய்க்கிழமை ஜெய்னம்பு தன் போனை என் முன்னால் நீட்டினார். திரையில் ஒரே ஒரு வரி – காப்புரிமைப் புகாரால் இந்த வீடியோ நீக்கப்பட்டது.

"அண்ணாச்சி, நீங்க பத்திரிகையில எழுதுதீயள்லா... யாருகிட்ட கேட்டா இது திரும்பக் கெடைக்கும்?"

தென்காசியில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் ஜெய்னம்பு. கணவர் காதர் குற்றாலத்தில் வாடகை வேன் ஓட்டினார். ஐந்தருவியில் ஷூட்டிங் நடந்த ஒரு படத்தில் அவரை வேன் டிரைவராகவே நடிக்க வைத்தார்கள். அரை நிமிஷம். வேனிலிருந்து இறங்குவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார், திரும்பிச் சிரிப்பார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் சவூதி போனார். அங்கே விபத்து. அங்கேயே அடக்கம். மகள் பிறந்தது அதற்குப் பிறகு. அந்தப் படத்தை யாரோ நெட்டில் ஏற்றியிருந்தார்கள்; நீக்கப்பட்ட வீடியோ அதுதான்.

"போட்டோ இருக்கு அண்ணாச்சி. ஆனா அத்தா நடக்குறத எம் மவ அதுலதான் பாத்திருக்கா."

நாலு போன் போட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். தயாரிப்பாளர் காலமாகிவிட்டார். "வீடியோ உரிமையை அப்பா அப்பவே ஒரு கேசட் கம்பெனிக்குக் கொடுத்துட்டார்" என்றார் அவர் மகன். அந்தக் கம்பெனியை மூடியாயிற்று. அதனிடம் இருந்த படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கிய வேறொரு கம்பெனி சென்னையில் இருக்கிறது. புகார் கொடுத்தது அவர்கள்தான்.

மேனேஜர் மரியாதையாகவே பேசினார். "ரைட்ஸ் எங்ககிட்டதான் சார் இருக்கு. லிஸ்ட்ல இருக்கிற பேரை நெட்ல பார்த்தா நீக்கச் சொல்லிடுவோம்."

"அந்த அரை நிமிஷம் மட்டும் கொடுக்க முடியுமா?"

"படம் எங்ககிட்ட இல்லையே சார். நெகடிவ் லேப்லயே வீணாப்போச்சு. எங்ககிட்ட இருக்கிறது பேப்பர்தான்."

வீடியோவை ஏற்றியவர் யார் என்று தேடினேன். ஆலங்குளத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.

"கேஸ் போட்ருவாவளோன்னு பயந்து கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன். கேசட்டுல பூஞ்சை. காப்பி எடுத்து முடிக்கையில நாடாவும் அறுந்துட்டு..." அழாத குறையாகச் சொன்னார்.

படம் வைத்திருந்தவருக்கு உரிமை இல்லை. உரிமை வைத்திருப்பவரிடம் படம் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. யாரைப் போய்த் திட்டுவது?

மேனேஜரிடம் மறுபடி பேசினேன். "எங்கயாவது ஒரு காப்பி கிடைச்சா எங்களுக்கும் சொல்லுங்க சார்" என்றார்.

ஜெய்னம்புவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மிஷின் நின்றது.

"போன்ல எறக்கி வச்சிருக்கலாம்லா அண்ணாச்சி... அது பாட்டுக்கு அங்கனயே இருக்கும்னு நெனச்சிட்டேன்."

உங்களுக்கும் அப்படி ஓர் அரை நிமிஷம் எங்காவது இருக்கிறதா? இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் – சட்டம் என்ன சொல்லும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.