தொட்டில் கால் கேட்டு வந்தவர்

சுதேசிக் கூட்டம் நடந்ததிலிருந்து டவுணில் ரகசியப் போலீஸ் நடமாட்டம். இன்று என் வீட்டு மரக்கடைசல் பட்டறைக்கே ஒருவர் வந்துவிட்டார் என்று சந்தேகம்.

"அண்ணாச்சி, தொட்டிலுக்கு நாலு கால் கடைஞ்சு தரணும்."

"பிள்ளை ஆணா, பொண்ணா?"

"இனிமேதான் பிறக்கணும். இது அஞ்சாம் மாசம்."

பிள்ளை பிறக்குமுன் இந்த ஊரில் யார் தொட்டில் செய்யச் சொல்வார்கள்?

அவர் கண், ஒருவர் சக்கரம் சுற்றினால்தான் ஓடும் என் பெரிய கடைசல் எந்திரத்தை விட்டு அகலவில்லை. "வீட்டுக்குள்ள இவ்வளவு பெருசு எதுக்கு? துப்பாக்கிக் கட்டையும் கடையலாமோ?"

"அந்தச் சக்கரத்தைச் சுத்திப் பாரும் வே, தெரியும்" என்றேன்.

மத்தியானம் வரை சுற்றினார். அதற்குள் எனக்குப் பாக்கியிருந்த வேறொரு வேலையில் மூன்று கட்டில் கால் முடிந்தது. உள்ளங்கை கொப்புளித்தும் நாளைக்கு வருகிறாராம்.

இவ்வளவு சீராகச் சக்கரம் சுற்றும் ஆள் எனக்குக் கிடைத்ததே இல்லை. அவர் போலீஸ்தானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமே இல்லை.