மொட்டுக்குள் ஓடிய மஞ்சள் பூச்சி

கோலா கிளாவாங் மலைப் பாதையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை அடக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் கொண்டுவந்ததும் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் புல் வெட்டிக்கொண்டிருந்த என்னைத் துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கு மாற்றினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது.

துரையின் மனைவியைத் துரைசானி என்போம். அவருக்குக் கார்னேஷன் பூ மேல் உயிர். இந்தச் சூட்டில் அது பிழைக்காது என்றார்கள். மேட்டில் பாத்தி கட்டி, ஓலைப் பந்தல் போட்டு, நாங்கள் இருவரும் பிழைக்க வைத்தோம்.

இரண்டாம் வருஷம் மொட்டுகள் விரியாமல் கருகத் தொடங்கின. விரிந்த இதழ்களிலும் வெளுத்த கீறல்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து பார்த்துவிட்டு, “தண்ணி ஒழுங்கா ஊத்தினியா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாளும் தவறியவள் இல்லை நான்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் மொட்டைப் பிரித்து உதறினேன். முடித் துணுக்கு மாதிரி மஞ்சளாக என்னவோ விழுந்து ஓடியது. இலைக்கு அடியில் செம்பேன் இருந்தது. அது கத்தரிச் செடியில் நான் பார்த்ததுதான். இந்த மஞ்சள் பூச்சியை எந்தச் செடியிலும் பார்த்ததில்லை.

துரைசானிக்குத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும். கூப்பிட்டுக் காட்டினேன்.

“தண்ணிக் குறை இல்லம்மா. உள்ள பூச்சி.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “உள்ளே பார்க்க உனக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. தண்டும் வேரும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப நோவு மொட்டுக்குள்ளதான இருக்கணும்?”

சிரம்பானில் இருந்த விவசாய அதிகாரிக்கு அவர் எழுதினார். பூச்சியை உயிரோடு அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. பால் டின்னில் மொட்டுகளைப் போட்டு, துணி கட்டி, லாரியில் ஏற்ற வேலி வாசலுக்குக் கொண்டுபோனேன். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று வேலியைத் தாண்டும் எல்லா டின்னையும் திறந்து பார்க்கும் காலம் அது. சோதனைக்கார அம்மா துணியில் கை வைத்தார்.

“அவுக்காதீங்கக்கா. உள்ள இருக்கிறது ஓடிடும்.”

“அரிசியா ஓடும்?”

“பூச்சிக்கா. அதிகாரி கேட்டிருக்காரு.”

அவர் துணியில் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “கொண்டு போ லா” என்றார்.

பத்து நாளில் அந்த அதிகாரியே பாதுகாப்பு வண்டியோடு வந்துவிட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பாத்தி பாத்தியாகப் பார்த்தார். இந்த நாட்டுக் கார்னேஷனில் இதை இதுவரை கண்டதில்லை என்றார். கெட்ட மொட்டுகளைக் கிள்ளி எரிக்கவும், இலையடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவவும் சொன்னார். பாதிச் செடிகள் போயின. மீதி பூத்தன.

பிறகு அவரிடமிருந்து கடிதம் வந்தது. தொழிலாளர்கள் கூடும் காலைப் பெரட்டில் அதைப் படிக்கச் சொன்னார் துரைசானி. தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்ட அதே கிராணிதான் படித்தார். ‘இதை முதலில் கண்டது இந்தத் தோட்டத்துப் பெண் தொழிலாளி’ என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. நான் தலை குனியவில்லை.