கண்ணாடி துடைக்கும் சேலை

போன ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் மாமல்லபுரம் லைட் ஹவுஸுக்கு வந்தார். கூடவே மனைவி, இரண்டு மகள்கள், மச்சினர், சமையல்காரம்மா. எல்லோரும் மேலே ஏறினார்கள். சமையல்காரம்மா உட்பட.

நான் இங்கே கலாசி. எண்ணெய் சுமப்பது, கதவு திறப்பது, துடைப்பது – அவ்வளவுதான் என் வேலை.

ஏறும்போதே அதிகாரி மச்சினருக்கு விளக்கம் சொன்னார். முன்பெல்லாம் விளக்கு பக்கத்துப் பாறை மேல் இருக்கும் பழைய கோயிலின் உச்சியில் எரிந்ததாம். பிறகுதான் வெள்ளைக்காரன் இந்தக் கல் கோபுரத்தைக் கட்டினானாம்.

"ஏன் வட்டமா கட்டினான் தெரியுமா? காத்து மோதினா வழுக்கிப் போயிடும்."

எல்லாம் சரி. உச்சியில் இருக்கிற பெரிய கண்ணாடியை எதால் துடைக்கிறோம்? அதை அவர் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

சர்க்கார் துணி முரடு. கீறல் விழும். நைந்துபோன நூல் சேலைதான் மெத்தென்று இருக்கும். என் மனைவி கதீஜாவின் சேலை. ஒன்பது வருஷமாகக் கிழித்து, துவைத்து, காயவைத்துக் கொடுக்கிறாள்.

அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை.

கேட்காமல் இல்லை. அவள் பிறந்த ஊர் சதுரங்கப்பட்டினம். பக்கம்தான்... ஆனால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பெருநாளுக்குப் பெருநாள் போனால் உண்டு. மேலே நின்று தெற்கே பார்த்தால் அந்த ஊர்த் தென்னந்தோப்பு தெரியும் என்று நான்தான் வாயை விட்டேன்.

"மச்சான், ஒரே ஒரு வாட்டி. எங்கம்மா வூட்டாண்ட கீற தோப்பப் பாத்துட்டு எறங்கிட்றேன்."

"ரூல் கீது. கடுதாசி இல்லாம வெளியாள ஏத்தக்கூடாது."

"நான் வெளியாளா?"

 எனக்கு முன்னால் கலாசியாக இருந்தவர் மைத்துனனை ஏற்றிவிட்டு வேலையை இழந்தார். நான் படித்தது மூணாங்கிளாஸ். இதை விட்டால் எனக்கு எது?

போன மழையில் அவள் அம்மா மவுத்தானார். அடக்கத்துக்குப் போய்வந்த பிறகு அவள் கேட்கவில்லை.

அந்த ஞாயிறன்று கதீஜா கீழே டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க இறங்கிவந்த அதிகாரியின் மனைவி சொன்னார்:

"நீ குடுத்து வெச்சவம்மா. டெய்லி இதையெல்லாம் பாக்கறே!"

"நான் ஏறுனதே இல்லீங்க. என் சேலைதான் டெய்லி ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

"அதுக்கென்னம்மா, ஒரு நாள் ஏறிப் பாரேன்."

டீ ஆறுவதற்குள் ஒன்பது வருஷ ரூல் போய்விட்டது.

ஒன்று சொல்கிறேன். அந்தக் கடுதாசியை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ! ரூல் போட்டவன் மறந்துவிடுகிறான். பயந்தவன்தான் விடிய விடிய அதற்குக் காவல் இருக்கிறான்.

ஜீப் போனதும் கூப்பிட்டேன்.

"வா. அய்யாவே சொல்லிட்டாரு."

"இன்னாத்தப் பாக்க?"

"தோப்பு..."

"அங்க இப்ப யாரு கீறாங்க, மச்சான்?"

டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் வாசலில் துணியை மடித்து வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு ஏறினேன். கீழ்க்கதவைப் பூட்டவில்லை. படியில் சத்தம் வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே துணியைப் பிரித்தேன்.

பச்சைக்கரைச் சேலை. கிழித்திருந்தாள். அம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் கட்டுவாள்.

அது இன்னும் நையவே இல்லை.