கதவில் எழுதும் இராசாக்கள்

இந்த ஊரில் உங்கள் கதவில் யாராவது சோக்கட்டியால் எழுதிவிட்டுப் போனால், நீங்கள் நன்றி சொல்லி, கையில் இனிப்பும் கொடுத்து அனுப்ப வேண்டும். குழந்தை கிறிஸ்துவைத் தேடிவந்த மூன்று இராசாக்களின் திருநாளையொட்டிக் கோயில் பிள்ளைகள் முடி சூடி, தடியில் நட்சத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். ஸ்டேர்ன்சிங்கர், நட்சத்திரப் பாடகர்கள் என்று பெயர். பாடி முடித்துக் கதவு நிலையில் ஆண்டையும் மூன்று எழுத்துகளையும் சிலுவைகளையும் எழுதுவார்கள். கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்று அர்த்தமாம். ஜேர்மன் நகரமான இந்த ஹம்முக்கு நான் வந்த முதல் வருஷம் இது எதுவும் எனக்குத் தெரியாது. நாங்கள் வீட்டில் இல்லாத நேரம், கீழ்வீட்டு மனிசி நல்லெண்ணத்தில் எங்கள் கதவிலும் எழுதச் சொல்லியிருக்கிறா. வேலையால் வந்தவள் அதைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. கதிரையில் ஏறி, ஈரத்துணியால் எழுத்து மறையும்வரை தேய்த்தேன். ஆசீர்வாதத்தை அழித்த கத்தோலிக்கப் பெண் இந்தக் கோயில் பங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிரித்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையோர ஊரை ஒரு காலையில் ஆமி சுற்றிவளைத்தது. வீடு வீடாகச் சோதித்துவிட்டு, வாசல் கதவுகளில் சோக்கட்டியால் எண் எழுதினார்கள். சில வீடுகளில் மட்டும் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். எங்கள் வீட்டுக்கும் வட்டம் விழுந்தது. அடுத்த நாள் அந்த வட்டம் போட்ட வீடுகளுக்கு மட்டும் திரும்பி வந்தார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அண்ணையை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. அந்த வட்டத்தை அன்றைக்கே அழித்திருக்கலாமே என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதா.

இந்த முறை என் மகள் அஞ்சலா தானும் இராசாவாகப் போகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வருஷமாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் இலையுதிர் காலத்தில், எங்கள் மாடிக் கட்டடத்தின் அழைப்புமணிப் பலகையில் எங்கள் பெயரை மட்டும் யாரோ கதவுத் திறப்பால் கீறி அழித்திருந்தார்கள். மற்றப் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. என் கணவர் புதிதாக ஒட்டினார், முழுப் பெயரையும் விட்டுவிட்டு முதலெழுத்தை மட்டும். அன்றிலிருந்து நான் படி ஏறுமுன் அந்தப் பலகையைப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையை முன்பின் தெரியாத கதவுகளைத் தட்ட விடுவதா? இவரிடம் கேட்டேன்.

"எங்களுக்கேன் உந்தச் சோலி? பேசாம இருந்தா ஒருத்தரும் எங்களைப் பாக்க மாட்டினம்," என்றார்.

பங்கில் பிள்ளைகளுக்குப் பொறுப்பான பிர்கிட் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தா. பழைய படம் ஒன்றைக் காட்டினா. அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் முகத்தில் சப்பாத்துக் கறுப்புப்போல எதையோ பூசிக் கறுப்பு இராசாவாக்கியிருந்தார்கள். இனிமேல் இப்படிப் பூசுவதில்லை, ஒரு மனிதனுடைய தோல் இன்னொருவருக்கு வேஷம் இல்லை, கடவுள் அவரவரை அந்தந்தத் தோலோடுதான் தன் சாயலில் படைத்தார் என்றா. ஒரு தாய்க்கு அது பிடிக்கவில்லை. காலங்காலமாக வந்த வழக்கம், யாரையும் நோகடிக்கவில்லையே என்றா. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டொச் மொழியில் "அல்லெஸ் கூட்" என்றேன். எல்லாம் சரி என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் முதலில் பழகிய சொல் அதுதான். அந்தத் தாய் நான் தன் பக்கம் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டா. பிர்கிட்டின் முகம் வாடியது.

எனக்கு எங்கள் ஊர்க் கோயில் குடில் ஞாபகம் வந்தது. நாங்கள் அத்தனை பேரும் கறுப்பு. குடிலில் மாதா, சூசையப்பர், பாலன் எல்லோரும் ரோஸ் நிறம். ஒரேயொரு இராசா மட்டும் கறுப்பு, அவரையும் ஓரத்தில்தான் வைப்பார்கள். அதில் ஏதும் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பிர்கிட் மேலும் சொன்னா: ஏரோது மன்னன் கொல்வதற்காகக் குழந்தை கிறிஸ்து இருக்கும் இடத்தைக் கேட்டான், இராசாக்கள் காட்டிக்கொடுக்கவில்லை, மூன்று பேரும் சேர்ந்து வேறு வழியால் போய்விட்டார்கள். நீதி என்பது சிலவேளை அவ்வளவுதான், ஒருவரை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்றா. அந்த இராசாக்களுக்கும் பயம் இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அஞ்சலா போகட்டும், ஓம் என்று கையெழுத்து வைத்தேன். 

துணைக்கு ஒரு பெரிய ஆள் போகவேண்டும். நானே போனேன். அஞ்சலாவோடு லேனா, மியா என்று இரண்டு சிநேகிதிகள். ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் அஞ்சலாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, கடைசியில் ஓர் உண்மையான இராசா வந்திருக்கிறார் என்றார். அவள் குழம்பிப்போய், "நான் உண்மையான இராசா இல்லை, நான் இந்த ஹம் ஊர்தான்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

தெருமுனை வீட்டுக் கதவைத் திறந்தவர் சிரிக்கவில்லை. பாட்டு முடியும்வரை அஞ்சலாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லேனாவிடமும் மியாவிடமும் சொன்னார்: "நீங்கள் இரண்டு பேரும் எழுதலாம். இது வேண்டாம்."

அவர் கை என் பிள்ளையைச் சுட்டிக்கொண்டிருந்தது.  அன்றைக்கு எங்கள் வாசலில் நின்ற ஆமிச் சப்பாத்துகள் கண்ணுக்குள் வந்தன. அவளை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "அல்லெஸ் கூட்."

அஞ்சலா திரும்பி என்னைப் பார்த்தாள். தமிழில் சொன்னாள்: "இல்லை அம்மா. சரியில்லை."

லேனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் சோக்கட்டியைப் பைக்குள் போட்டாள். மியா நட்சத்திரத்தைத் தூக்கினாள். மூன்று பேரும் சேர்ந்து படியிறங்கினார்கள். கதவு எங்களுக்குப் பின்னால் அடித்துச் சாத்தப்பட்டது. தெரு திரும்பும்வரை நான் பின்னால் பார்த்துப் பார்த்தே நடந்தேன்.

கடைசியாக எங்கள் வீடு. மேலே ஏறி வந்து பாடினார்கள். இவர் கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு பாட்டைக் கேட்டார். பாட்டு முடிந்ததும் கதிரையை அவரே கொண்டுவந்து வைத்தார். அஞ்சலா ஏறி நின்று, சோக்கட்டியை நிலையில் வைக்குமுன் என்னைக் குனிந்து பார்த்தாள். அண்ணையின் கதை அவளுக்குத் தெரியும்.

"பயமெண்டா சொல்லுங்கோ அம்மா. எழுதமாட்டன்."

"பயம்தான் பிள்ளை. நீ எழுது," என்றேன்.

இப்போதும் வேலையால் வரும்போது முதலில் கீழே பெயர்ப்பலகையைப் பார்க்கிறேன், கீறியிருக்கிறார்களா என்று. பிறகு மேலே வந்து நிலையைப் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கதவு துடைக்கும்போது கை தானாகவே அந்த எழுத்துவரை போகிறது. அங்கே நின்றுவிடுகிறது. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் என் முழங்கை வழியே ஒழுக, அப்படியே நிற்கிறேன். அம்மாவின் குரல் அழி என்கிறது. உள்ளேயிருந்து அஞ்சலாவின் குரல் கேட்கிறது, யாருடனோ டொச்சில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறாள்.